நாள் இல்லாத தவணை

அந்த வழக்கில் சாட்சி சொல்வதற்காக நான் பதுளைக்கு ஐந்து முறை போனேன். ஐந்து முறையும் என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எத்தனையோ வருஷங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் இதை எழுத உட்காரும்போது முதலில் வருவது எரிச்சல்தான்.

அப்போது நான் மடுல்சீமைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுப்பவனாக வேலை பார்த்தேன். டாக்டர் அல்ல. டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை குதிரையில் வந்து பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் காய்ச்சல், சீதபேதி, அட்டைக்கடிப் புண், பிரசவம் எல்லாம் என் தலையில்தான். சனங்கள் என்னை மருந்தையா என்று கூப்பிட்டார்கள். போத்தல்களில் ஒட்டும் சீட்டை லத்தீனில் எழுத வேண்டும் என்பது டாக்டர் வைத்த சட்டம். வாசிக்கப் போகிறவன் நான் ஒருவன்தான் என்றாலும் அப்படித்தான் எழுத வேண்டும். ஆகவே எனக்கு முப்பது நாற்பது லத்தீன் வார்த்தைகள் தெரியும். நாளைக்கு மூன்று வேளை என்பதற்கு ‘டெர் இன் டீயே’ என்று எழுதுவேன். இத்தனை அவுன்ஸ் வரும் வரைக்கும் தண்ணீர் ஊற்று என்பதற்கு ‘ஆக்வா ஆட்’. இதற்கு மேல் எனக்கு அந்தப் பாஷையோடு எந்த உறவும் இல்லை.

ஐப்பசி மழை விடாமல் அடித்துக்கொண்டிருந்த ஒரு நாள், பகல் கொழுந்து நிறுத்து முடித்த நேரம், நான்கு பெண்கள் ஒருத்தியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். முப்பது வயதிருக்கும். மேல் லயத்துக்காரி, மலையில் முதல் நிரையில் நின்று பறிக்கிறவள் என்பதால் எனக்கு முகம் தெரியும். வலது கை மணிக்கட்டுக்கு மேலே வீங்கி வளைந்திருந்தது. எலும்பு முறிந்திருக்கிறது என்று தொடுவதற்கு முன்பே தெரிந்தது. வீக்கத்தின் மேல் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்குச் சிவந்த தடம் கிடந்தது. விழுந்தவர்களின் கையில் அப்படித் தடம் இருக்காது.

“என்னம்மா ஆச்சு?” என்றேன்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். கூட வந்தவர்களில் ஒருத்திதான் சொன்னாள். “கூடையில முத்தல் எல கெடக்குன்னு சின்னதொர கூடையக் கவுத்தாருங்கய்யா. இவ குனிஞ்சு அள்ளப் போனா. கம்பால ஒண்ணு போட்டுட்டாரு.”

பெரிய துரைக்கு உதவியாக இருந்த சின்னதுரை சீமையிலிருந்து வந்து ஒரு வருஷம்கூட ஆகாதவன். தலைமயிர் செம்பட்டை, தமிழ் நாலு வார்த்தை தெரியும், நாலும் வசவு. நான் மட்டை வைத்துக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அவனும் வந்து வாசலில் நின்றான். முகம் வெளுத்திருந்தது. “அவள் வழுக்கி விழுந்தாள்” என்று இங்கிலீஷில் சொன்னான். அவன் போன பிறகு நோயாளிப் புத்தகத்தைத் திறந்து, வலது முன்கை எலும்பு முறிவு என்று எழுதினேன். காரணம் என்ற பத்தியை வெறுமையாக விட்டேன். அவன் சொன்ன பொய்யை எழுத மனசு வரவில்லை. கண்ணால் கண்ட உண்மையை எழுதத் தைரியம் வரவில்லை. என் வேலையும் நான் குடியிருந்த வீடும் அந்தத் தோட்டத்துடையவை.

அவளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்க வேண்டும். பசறைக்குப் போகும் பாதையில் மண் சரிந்து கிடந்தது. வண்டி போகாது. எனக்குத் தெரிந்த அளவில் நானே எலும்பைச் சேர்த்துக் கட்டினேன்.

ஒரு மாதம் கழித்து எனக்கு அழைப்பாணை வந்தது. பாதை திறந்ததும் அவளும் அவள் புருஷனும் யாரிடமும் சொல்லாமல் பதுளைக்கு நடந்து போய், கோர்ட்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் மனு எழுதுகிறவரைப் பிடித்து, சின்னதுரை மேல் பிராது கொடுத்திருந்தார்கள். தோட்டம் முழுவதும் மூச்சை அடக்கிக்கொண்டு அவர்களைப் பார்த்தது. புருஷன் பேசாத ஆள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் அவனோடு யாரும் சேர்ந்து நிற்பதில்லை என்று கேள்விப்பட்டேன்.

தோட்டத்தை நடத்தும் பெரிய துரை என்னைக் கூப்பிட்டனுப்பினார். கோபமாக ஒன்றும் பேசவில்லை. “உன் புத்தகத்தில் இருப்பதை மட்டும் சொன்னால் போதும். அதற்கு மேலும் வேண்டாம், கீழும் வேண்டாம்” என்றார். அவர் புத்தகத்தைப் பார்த்திருக்கவில்லை. நான் மருந்துச் சாலைக்குத் திரும்பி வந்து, கதவைச் சாத்திவிட்டு, வெறுமையாக விட்ட பத்தியில் ‘கம்பால் அடித்த அடி, தடம் தெரிகிறது’ என்று எழுதி, எழுதிய தேதியையும் போட்டேன். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு ஒரே ஆசை. யாராவது என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்க வேண்டும்.

முதல் தவணைக்கு, வழக்கை எடுக்கக் குறித்த நாளுக்கு, மூன்று பேரும் போனோம். அவள் கழுத்தில் தூளி கட்டிக் கையைத் தொங்கப்போட்டிருந்தாள். புருஷன் கம்பளியால் அவளுக்கு மழை மறைத்துக்கொண்டு வந்தான். நான் புத்தகத்தை மெழுகுத்துணியில் சுற்றி அக்குளில் வைத்திருந்தேன். பசறை வரை நடை. அங்கிருந்து மாட்டு வண்டி. பதுளைக்கு அப்போது ரயில் வரவில்லை. கடைவீதியில் எனக்குப் பழக்கமான முஸ்லிம் துணிக்கடைக்காரர் ஒருவர் கடைக்குப் பின்னால் தங்க இடம் கொடுத்தார். மறுநாள் காலை எட்டு மணிக்கே கோர்ட்டு வாசலில் நின்றோம். பதினொரு மணிக்கு முதலியார் வெளியே வந்தார். நீதவான் பேசும் இங்கிலீஷைத் தமிழிலும் சிங்களத்திலும் மாற்றிச் சொல்லும் உத்தியோகஸ்தர் அவர். “நீதவானுக்குச் சுகமில்லை. தவணை அடுத்த மாசம்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

இரண்டாம் தவணையில் நீதவான் இருந்தார்; சின்னதுரைக்காகப் பேச வேண்டிய அப்புக்காத்து கண்டியிலிருந்து வரவில்லை. சின்னதுரை விறாந்தையில் என் பக்கத்தில் வந்து நின்று, தனக்கு நடுக்கல் காய்ச்சல் விட்டு விட்டு வருகிறது, குயினைனை அதிகமாகச் சாப்பிடலாமா என்று கேட்டான். அவளுக்குக் கேட்கும் தூரத்தில்தான் கேட்டான். நான் அளவைச் சொன்னேன். வேறு என்ன செய்வது? அவனுக்கும் அந்த இடம் சலித்துப்போயிருந்தது. மூன்றாம் தவணையில் அப்புக்காத்து வந்தார்; முதலியார் லீவு. நான்காம் தவணையில் எல்லோரும் வந்தார்கள். சின்னதுரை வரவில்லை, டாக்டர் சீட்டு வந்தது.

ஒவ்வொரு முறையும் துணிக்கடைக்காரர் கேட்பார்: “என்னா மருந்தையா, இன்னக்காச்சும் முடிஞ்சிச்சா?” நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். நான்காம் முறை அவர் கேட்கவே இல்லை. பாயை மட்டும் எடுத்துப் போட்டார்.

அவள் மட்டும் ஒரு முறையும் அலுத்துக்கொள்ளவில்லை. திரும்பும் வழியில் பசறை ஏற்றத்தில் நின்று மூச்சு வாங்கும்போது, “அடுத்த தவண என்னைக்குங்கய்யா?” என்று கேட்டுத் தேதியை வாய்க்குள் மூன்று தரம் சொல்லிப் பார்ப்பாள். அவ்வளவுதான். தேதி ஒன்று கிடைத்துவிட்டால் அவளுக்குப் போதும் போலிருந்தது. கையோ நாளுக்கு நாள் கோணலாகத்தான் கூடிக்கொண்டிருந்தது. மட்டை வைத்த கையோடு மாட்டு வண்டியில் அத்தனை தூரம் குலுங்கினால் வேறு எப்படிக் கூடும்? அவளிடம் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஐந்தாம் தவணை பல மாதம் கழித்துத்தான் கிடைத்தது; அதற்குள் சீமையில் பெரிய யுத்தம் தொடங்கிவிட்டது. தோட்டங்களிலிருந்து வாலிபத் துரைமார் பலர் பட்டாளத்துக்குப் போனார்கள். எங்கள் சின்னதுரையும் போய்விட்டான் என்பது கோர்ட்டில்தான் எங்களுக்குத் தெரிந்தது. அவனுடைய அப்புக்காத்து எழுந்து ஒரு கடிதத்தை நீட்டினார். நீதவான் அதை வாசித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இங்கிலீஷில் ஒரு வரி சொன்னார். முதலியார் அதைத் தமிழாக்கினார்: “வழக்கு தள்ளி வச்சிருக்கு. நீங்க போகலாம்.”

“எந்த நாளைக்குங்க?” என்று அவள் கேட்டாள்.

முதலியார் அடுத்த வழக்கின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஒரு காவலர் கையை வீசி எங்களை வெளியே போகச் சொன்னார்.

வெளியே எங்கள் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் நின்றிருந்தார். நீதவான் உத்தரவின் பிரதியைப் பெரிய துரைக்கு வாங்கிப்போக வந்தவர். அந்தக் காகிதத்தைக் கண்ணுக்கு எட்டப் பிடித்து வாசித்தார். பிறகு புருஷனைப் பார்த்துச் சிரித்தார்.

“சைன், டை. கையெழுத்தப் போட்டு சாவுன்னு எழுதிட்டாரு நீதவான். டைன்னா சாவுடா. தெரியுமா?”

பேசாத அந்த மனுஷன் அப்போது பேசினான். “யாருக்குங்க சாவு?”

அவள் கோர்ட்டுப் படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். துரை மேல் பிராது கொடுத்ததற்குத் தன்னைத் தூக்கில் போடப் போகிறார்கள் என்றே நினைத்துவிட்டாள். உதடு வெளுத்துப்போனது. நான் கிளாக்கரின் கையிலிருந்து காகிதத்தைப் பறித்தேன். என் வாழ்க்கையில் ஒரு பெரிய உத்தியோகஸ்தர் கையிலிருந்து எதையும் பறித்தது அந்த ஒரு தடவைதான். கடைசி வரியில் இரண்டு சின்ன வார்த்தைகள் இருந்தன. இரண்டாவதை நான் தினமும் போத்தலில் எழுதுகிறேன்.

“சாவு இல்லம்மா, எந்திரி. இது இங்கிலீஷே இல்ல, லத்தீன். டீயேன்னா நாளு. மருந்துச் சீட்டுல எழுதுறேன் பாரு, நாளைக்கு மூணு வேளன்னு, அந்த நாளு.”

அவள் முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. “அப்ப நாளு போட்டிருக்காங்களா?”

நான் முதல் வார்த்தையைப் பார்த்தேன். சினே. அதை எந்த மருந்துச் சீட்டிலும் எழுதியதில்லை. கிளாக்கர் கோபத்தில் காதெல்லாம் சிவந்து நின்றார். உள்ளே போய்க் கோர்ட்டு எழுதுவினைஞர் ஒருவரிடம் காகிதத்தை நீட்டினேன். அவர் தலை நிமிராமலே, “நாள் இல்லாமல். திகதி குறிக்காமல் ஒத்திவைப்பு” என்றார். எப்போது எடுப்பார்கள் என்று கேட்டேன். “அதுதான் சொன்னேனே, நாள் இல்லாமல் என்று” என்றார்.

வெளியே வந்து அதையே அவளிடம் சொன்னேன்.

“நாளு இல்லாம எப்படிங்கய்யா தவண?”

அந்தக் கேள்விக்கு நீதவானிடமாவது பதில் இருந்திருக்குமா என்பது எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். அவர்களைத் துணிக்கடையில் உட்கார வைத்துவிட்டு நான் மாதா கோயிலுக்குப் போனேன். அங்கே ஒரு வெள்ளைக்காரச் சாமியார் இருந்தார். பூசைக்குப் போகும்போது நான் அவரோடு இரண்டு வார்த்தை பேசுவதுண்டு. காகிதத்தை அவரிடம் காட்டினேன். ஒத்திவைப்பதற்கு எழுதியிருந்த இங்கிலீஷ் வார்த்தையின் மேல் விரலை வைத்தார். ‘அட்ஜர்ன்’. அதுவும் லத்தீன் வழி வந்ததுதான் என்றார். ‘ஆட்’ என்றால் ஓர் இடத்துக்கு, ஒரு பொழுதுக்கு; எனக்குத் தெரிந்த அதே ஆட். மிச்சப் பாதி ‘டியுர்னும்’, நாள் என்பதன் பிள்ளை. பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து வந்ததில் உருக்குலைந்துவிட்டதாம். பழைய காலத்தில் அந்த வார்த்தைக்குத் தள்ளிப்போடுவது என்ற அர்த்தமே கிடையாது. ஓர் ஆளைக் கூப்பிட்டு, இன்ன நாளில் வந்து நில் என்று நாள் கொடுப்பதுதான் அதன் அர்த்தம்.

“அப்படியானால் சாமி, இந்த வரி என்ன சொல்லுகிறது?”

அவர் மெதுவாகத் தமிழில் கூட்டிப் பார்த்தார். “நாள் கொடுக்கிறோம், நாள் இல்லாமல்.” பிறகு சிரித்துவிட்டார். அதில் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. பாஷையின் விநோதத்தைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அந்த நேரத்தில் அவர் மேலும் ஆத்திரம் வந்தது. வணக்கம் கூடச் சொல்லாமல் வந்துவிட்டேன்.

அந்தக் காகிதத்தைக் கிளாக்கரிடம் திருப்பிக் கொடுத்தபோது அவர் பெரிய துரையிடம் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னார். என்னை வேலையிலிருந்து நிறுத்தவில்லை. எட்டு மாதம் பெரிய துரை என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. அதை நான் பொருட்படுத்தவில்லை. எனக்குள் அரித்தது வேறு. மெழுகுத்துணிக்குள் ஐந்து தடவை கொண்டுபோன புத்தகத்தை ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா என்று யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அதனால் நான் தைரியசாலியா கோழையா என்பதும் எனக்குத் தெரியாமலே போய்விட்டது.

அவளால் பழையபடி கொழுந்து பறிக்க முடியவில்லை. இரண்டு கையும் ஒன்றாக ஓட வேண்டிய வேலை அது. புல் வெட்டுக்கு மாற்றினார்கள். மாதத்துக்கு ஒரு தரம் மருந்துச் சாலைக்கு வந்து, வாசலிலேயே நின்று, “சேதி ஏதும் உண்டுங்களா?” என்று கேட்பாள். இல்லை என்பேன். நான் இரண்டு முறை கோர்ட்டுக்குக் கடிதம் எழுதினேன், பதில் வரவில்லை. இரண்டு வருஷத்தில் அவர்கள் வேறொரு கங்காணியோடு சேர்ந்து மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். போகும் நாளில் என்னிடம் சொல்லிக்கொள்ள வந்தார்களாம். நான் தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கில் ஒரு பிரசவம் பார்க்கப் போயிருந்தேன்.

யுத்தம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். பெரிய கிளாக்கர் தலைவலிக்கு மருந்து வாங்க வந்தவர் போகிற போக்கில், “நம்ம பழைய சின்னதுரை உசிரோட திரும்பிட்டாராமே. ரயில் பாதப் பக்கம் ஒரு தோட்டத்துல பெரிய துரையா இருக்காராம்” என்றார். நான் மறுநாளே லீவு கேட்டுப் பதுளைக்குப் போனேன். கோர்ட்டில் புதிய எழுதுவினைஞர் இருந்தார். அரை நாள் தேடி, தூசி படிந்த கட்டிலிருந்து வழக்கை எடுத்தார். எலி கடிக்காமல் இருந்ததே எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

“இதை மறுபடி எடுக்கலாம். ஆனால் பிராதுக்காரி நேரில் வந்து கேட்க வேண்டும்” என்றார்.

“அவள் மொனராகலையில் இருக்கிறாள். ஒரு நாள் குறித்துக் கொடுங்கள், கூட்டிவருகிறேன்.”

“வந்து கேட்டால்தான் நாள்.”

மொனராகலைக்குப் போனேன். மலைக் குளிரில் இருந்து பழகியவனுக்கு அந்த வெக்கை பிடரியில் அடித்தது. விசாரித்து விசாரித்து மூன்றாவது தோட்டத்தில் கண்டுபிடித்தேன். காலை ஒன்பது மணி. அவள் ரப்பர் மரத்தடியில் நின்று, இடது கையால் பட்டையைச் சீவிக்கொண்டிருந்தாள். அவள் இடுப்பு உயரம்கூட எட்டாத ஒரு பெண் குழந்தை சிரட்டையை ஏந்திப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும், “மருந்தையாங்களா? எளச்சுப் போயிட்டீங்களே!” என்றாள். கத்தியை நிறுத்தவில்லை. வெயில் ஏறினால் பால் இறங்காது.

நான் சேதியைச் சொன்னேன்.

“நாளு குடுத்திருக்காங்களாய்யா?”

“இல்லம்மா. நீ வந்து கேட்டாத்தான் குடுப்பாங்களாம்.”

அப்போதுதான் அவள் கத்தியைக் கீழே இறக்கினாள். “நான் கேக்கலையா? அஞ்சு வாட்டி வந்து நின்னேனே, அது கேட்டதில்லையா? ஒடிஞ்ச கையத் தூக்கிக்கிட்டு வந்தேனே. கண்ணுக்குத் தெரியலையா அவுகளுக்கு?”

அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. குழந்தை மிரண்டு அவள் சேலையைப் பிடித்தது.

“நாளு குடுக்கச் சொல்லுங்க. அன்னைக்கு எத்தன கல்லுன்னாலும் நடந்து வந்து நிக்கிறேன். நாளு இல்லாம இனிமே ஒரு எட்டு எடுத்து வக்க மாட்டேன்.”

அவள் சொன்னதில் தப்பில்லை. நான் ஒரு மனுவை எழுதி, அதில் அவள் கைநாட்டை வாங்கிக்கொண்டு திரும்பினேன். பதுளையில் எழுதுவினைஞர் முணுமுணுத்துக்கொண்டே வாங்கி வைத்தார். மூன்று மாதம் போனது. பிறகு எனக்கு ஒரு கடிதம் வந்தது. வழக்கின் எதிரி தோட்டத் தொழிலை விட்டுச் சீமைக்குப் போய்விட்டார். வழக்கு முன்போலவே இருக்கும். இரண்டே வரி. அவன் கப்பல் ஏறியது மனு கொடுத்து ஏழு வாரம் கழித்து என்று பின்னால் கேள்விப்பட்டேன். அந்த ஏழு வாரமும் மனு யாருடைய மேசையில் கிடந்தது என்று கேட்பதற்காக மறுபடியும் பதுளைக்குப் போனேன். அந்த எழுதுவினைஞரும் மாறிப் போயிருந்தார்.

ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு எல்லாவற்றையும் எழுதி, அவளுக்கு வாசித்துக் காட்டும்படி கேட்டுக்கொண்டேன். பதில் அவர் கையெழுத்தில் வந்தது. கடுதாசி கிடைத்தது, சங்கதி விளங்கியது, இனி இதற்காக அலைய வேண்டாம், பிள்ளைக்கு வயிற்றில் பூச்சி இருக்கிறது, மருந்து இருந்தால் கொடுத்தனுப்பவும் என்று அவள் சொல்லச் சொல்ல எழுதியிருந்தார்.

பிள்ளையின் வயதைக் கணக்குப் போட்டு மருந்தைப் பொட்டலம் கட்டி, மொனராகலைக்குப் போகும் ஒரு வண்டிக்காரனிடம் கொடுத்தேன். வழியில் லுணுகலையில் இரண்டு நாள் தங்கிவிட்டுப் போவேன் என்றான். நேராகப் போகக் கூடாதா என்று அவனிடம் கத்தினேன். பாவம், அவன் என்ன செய்வான். என் சத்தத்தைக் கேட்டு மருந்துக்கு வந்து நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பொட்டலம் போய்ச் சேர்ந்ததா என்று எனக்குத் தகவல் வரவில்லை.